இடுப்புத்தள வலிக்குக் கண்டியில் 12 வாரப் பிசியோதெரபி: மலையகத்திலிருந்து போகலாமா?

ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. யூரின் ரிப்போர்ட்டும் சுத்தம். ஆனாலும் அடிவயிறு மாதக்கணக்காக இழுத்துப் பிடிக்கிறது. உட்கார்ந்தால் வால் எலும்பு எரிகிறது. ஒன்றுக்குப் போய் வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, மறுபடி போகவேண்டும் போலிருக்கிறது. தாம்பத்தியம் என்றாலே உடம்பு கூசுகிறது. ஒரு இடத்தில் வாயு என்று மாத்திரை, இன்னொரு இடத்தில் கிருமி என்று அன்டிபயோட்டிக், வீட்டில் உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீர். இப்படி 6 மாதத்துக்கு மேல் நீடிப்பதைத்தான் நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்கிறார்கள். இந்த வலிக்காரர்களில் பலருக்கு ஸ்கேனில் தெரியாத ஓர் இடத்தில் கோளாறு இருக்கிறது. முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தொட்டில் துணிபோல் கட்டியிருக்கும் இடுப்புத்தளத் தசைதான் அது.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே பிடிப்பு இந்தத் தசையிலும் வரும். பிரசவம், சிசேரியன், எல்.ஆர்.டி. என்ற கருத்தடை ஒப்பரேஷன், திரும்பத் திரும்ப வந்த சிறுநீர்த் தொற்று, வழுக்கி விழுந்து வால் எலும்பில் பட்ட அடி என்று ஏதாவது ஒன்றில் தொடங்கும். வலிக்கு அஞ்சித் தசை இறுகும், இறுகியதால் வலிக்கும், வலித்ததால் இன்னும் இறுகும். தொடங்கிவைத்த காரணம் ஆறிய பிறகும் இறுக்கம் மட்டும் நின்றுவிடும்.

கண்டி நகரில் இதற்கென்றே ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் நடத்தும் 12 வாரச் சிகிச்சையைப் பற்றியது இந்த மதிப்பீடு. நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையின் தரம் பெயர்ப்பலகையில் இல்லை, செய்கிறவர் கையில் இருக்கிறது. அவர் இடம் மாறினால் பலகை உதவாது. உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பதுளையிலோ நுவரெலியாவிலோ வேறு ஒருவரிடம் போகும்போதும் சரியா பிழையா என்று கண்டுபிடிக்கலாம். கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையால் செய்யும் சிகிச்சை மிக நன்று. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சித் தாள் தோட்ட லயத்தில், ஒற்றைக் காம்பராவில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. பணம் வாங்கும் முறையில் கவனம் வேண்டும்.

முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. அதில் பாதி பேச்சு. எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டார்களா, தையல் எங்கே, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒன்றுக்கு எத்தனை தடவை, எந்த வேலையில் வலி கூடுகிறது. மனித உடம்புப் படமொன்றைக் கொடுத்து வலிக்கும் இடத்தைப் பேனையால் கறுப்பாக்கச் சொல்கிறார்கள். வெட்கப்பட்டு வயிற்றை மட்டும் கறுப்பாக்கி வைப்பது வழக்கம். தொடையின் உட்புறம், பிட்டம், மலவாய் எல்லாவற்றையும் காட்டுங்கள். எந்தத் தசை என்று முடிவெடுக்க அந்தப் படம்தான் வழிகாட்டி. இதே நேரத்தில் விலக்க வேண்டியவற்றையும் கேட்டு விலக்குகிறார்கள்: சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, காரணமில்லாத மெலிவு, காய்ச்சல், தொடையிடுக்கு மரத்துப்போதல், திடீரென்று மலமோ சிறுநீரோ அடக்க முடியாமற்போதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோதெரபி நிற்கும், டாக்டரிடம் அனுப்புவார்கள். இதைக் கேட்காமல் நேரே கட்டிலில் படுக்கச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பரிசோதனை வெளியிலிருந்து தொடங்குகிறது. வலிக்கிற இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே தலையை மட்டும் தூக்கச் சொல்வார்கள். அப்போது வலி கூடினால் சிக்கல் வயிற்றுச் சுவர்த் தசையிலோ தழும்பிலோ இருக்கலாம். குறைந்தால் உள்ளே தேட வேண்டும். சிசேரியன் தழும்பைத் தோலோடு பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கிறார்கள். நன்றாக ஆறிய தழும்பு வழுக்கும். ஒட்டிப்போனது, துணியில் பசை பட்ட இடம்போல் அப்படியே நிற்கும். ஒட்டியிருந்தால் அதற்குத் தனியாகத் தடவல் சொல்லித் தருகிறார்கள். புதுத் தழும்பு என்றால் காயம் முழுதாக மூடி, 6 முதல் 8 வாரம் ஆனபின்தான்.

உட்பரிசோதனைக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். டாக்டர் கருவி வைத்துப் பார்ப்பதுபோல் இது இல்லை. கருவியே கிடையாது. கையுறை போட்ட ஒரு விரல், ஜெல், அவ்வளவுதான். கதவு பூட்டியிருக்கிறது, திரை தனி, விரும்பினால் கூட வந்தவர் பக்கத்தில் நிற்கலாம். முன்பக்கத்தை மணிக்கூட்டின் 12 என்றும் மலவாய்ப் பக்கத்தை 6 என்றும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்தி, "இங்க எத்தனை அக்கா? பத்துக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். முழங்காலை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி, வெளியிலிருந்து கையால் தடுக்கும்போது இடுப்பைத் திருப்பும் தசை விரலடியில் புடைக்கிறது. கொழுந்தெடுப்பவர்களில் அந்தத் தசை தொட்டாலே துடிக்குமளவு நொந்திருப்பது அதிசயமில்லை. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நாள் முழுக்க நிற்பவரின் இடுப்பைப் பிடித்து வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. கலியாணமாகாதவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் உட்பரிசோதனை இல்லை. வெளித்தசை, மூச்சு, நீட்டல் என்று வேறு வழியில் போகிறார்கள், பலன் வர நாள் எடுத்தாலும் வரும். இடையில் "போதும்" என்றால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். இங்கே எடுக்கிறார்கள்.

சிகிச்சையும் அதே விரலால்தான். நொந்த முடிச்சு கிடைத்ததும் அங்கே தேய்ப்பதில்லை. அமைதியாக அழுத்திப் பிடித்து ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் காத்திருக்கிறார்கள். வலி பத்துக்கு 4 அல்லது 5இல் தொடங்கி 2ஆக இறங்கினால் தசை விட்டுவிட்டது. அதற்குமேல் பல்லைக் கடித்துத் தாங்குவது வீரமல்ல, தாங்கும்போது தசை மறுபடி பிடித்துக்கொள்ளும். வந்து ஒரு நாள், இரண்டு நாள் அங்கே நொந்திருப்பது சகஜம். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் அழுத்தம் கூடிப்போயிற்று என்று அடுத்த முறை சொல்லிவிட வேண்டும். முதல் 6 வாரம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். இந்த வகைக் கைச்சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது. சிறுநீர்ப்பை வலியும் இடுப்புத்தள நோவும் இருந்த 81 பெண்களை வைத்து வட அமெரிக்காவில் பல மையங்களில் நடந்த பரிசோதனை 2012இல் வெளியானது. நொந்த தசையைத் தேடிச் செய்த கைச்சிகிச்சை 59 சதவீதத்தினருக்கு நல்ல பலன் தந்தது; உடம்பு முழுக்க வெறும் மசாஜ் செய்ததில் 26 சதவீதம். ஆளுக்கு 10 அமர்வுகள். ஆகவே மூன்று தடவை போய்விட்டு "சரிவரல" என்று நிறுத்துவது சிகிச்சைக்கு இடம் கொடுத்ததாகாது.

இனி, இந்த நிலையம் நன்றாகச் செய்வதும் மற்ற இடங்களில் அதிகம் பிழைப்பதுமான விஷயம். அடிவயிறு, சிறுநீர், கர்ப்பப்பை என்று எதைச் சொன்னாலும் "கேகல் செய்யுங்க, நாளைக்கு நூறு தடவை இறுக்கி விடுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். 1948இல் ஆர்னல்ட் கேகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் அந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது பிரசவத்துக்குப் பின் தளர்ந்த தசைக்காக. இருமும்போது சிறுநீர் கசிபவருக்கு இன்றும் அதுதான் முதல் மருந்து. ஆனால் ஏற்கெனவே இறுகி நிற்கும் தசையை இன்னும் நூறு தடவை இறுக்கினால் என்ன ஆகும்? வலி கூடும், சிறுநீர் முழுதாக இறங்காது, மலம் சிக்கும். இங்கே முதல் நாளே விரலை வைத்துக்கொண்டு "இறுக்குங்க" என்கிறார்கள், பிறகு "விடுங்க". இறுக்கத் தெரிந்த பலருக்கு விடத் தெரிவதில்லை. "விடுங்க அக்கா." "விட்டுட்டேன் மிஸ்." "இல்ல, இன்னும் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. ஒன்னுக்குப் போக உட்கார்ற மாதிரி நினைங்க." அப்போதுதான் விரலைச் சுற்றியிருந்த வளையம் மெல்ல அகன்று கீழே இறங்கும். அந்த அரை அங்குல இறக்கத்தைத் தானாக வரவழைக்கக் கற்பதுதான் இந்த 12 வாரத்தின் வேலை. வலுப்பயிற்சி 8ஆம் வாரத்துக்குப் பின், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். 5 செக்கன் பிடித்தால் 10 செக்கன் விடுதல், விடுதல் எப்போதும் இரட்டிப்பு.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலாவது மூச்சு. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களைக் கட்டில் மேலோ கதிரை மேலோ போட்டு, ஒரு கையை விலா எலும்பின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, விளக்கை அணையாமல் அசைக்கிற மாதிரி வாயால் 6 எண்ணும் வரை விட வேண்டும். மூச்சு உள்ளே இறங்கும்போது இடுப்புத்தளமும் கூடவே இறங்குகிறது. அது தானாக நடக்க வேண்டும், முக்கக் கூடாது. காலையில் 5 நிமிஷம், படுக்கும்போது 5 நிமிஷம். செய்யத் தொடங்குபவர்கள் வழக்கமாக மூன்று இடத்தில் பிழை விடுகிறார்கள்: தோள் ஏறுகிறது, வயிற்றை வேண்டுமென்றே உப்பித் தள்ளுகிறார்கள், பிட்டத்தை நெரித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பிழை கண்ணுக்குத் தெரியாது. பிட்டத்தின் கீழ் கையை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பிறகு நீட்டல்கள். முழங்காலிட்டு முழங்காலை அகட்டி நெற்றியைத் தரையில் வைப்பது, மல்லாந்து உள்ளங்கால் இரண்டையும் சேர்த்து முழங்காலைச் சாய விடுவது, ஒரு கணுக்காலை மற்ற முழங்காலில் போட்டு தொடையை நெஞ்சுக்கு இழுப்பது. ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம், இரண்டு சுற்று. கொடுக்கும் தாளில் இவையெல்லாம் விசாலமான அறையில் யோகா விரிப்பில் ஒரு பெண் செய்வதாகப் படம், விளக்கம் ஆங்கிலத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மாமியார், பிள்ளைகள், கணவன் எல்லோரும் இருக்கும்போது காலை அகட்டி எங்கே படுப்பது? இது இந்தச் சேவையின் உண்மையான குறை. கேட்டால் மாற்று சொல்லித் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. கேட்டு வாங்க வேண்டியவை: அதே தொடை நீட்டலைப் பலகையில் உட்கார்ந்தபடி கணுக்காலை முழங்காலில் போட்டு முன்னால் சாய்ந்து செய்வது, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) குத்தவைத்து உட்கார்ந்து, குதியின் கீழ் மடித்த சாக்கு வைத்து, பத்து மூச்சு விடுவது, டெனிஸ் பந்தைக் கதிரையில் வைத்து உட்காரும் எலும்புக்கு உட்பக்கமாக மெல்ல அமர்ந்து ஒரு நிமிஷம் இருப்பது. உடுத்தபடியே செய்யலாம், யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் குத்தவைப்பதை விட்டுவிடலாம்.

சாமான்கள் வாங்கச் சொல்லும்போது அவசரப்பட வேண்டாம். வளைந்த கம்பிபோல் ஒரு உட்தடவல் கருவி இணையத்தில் விற்கிறார்கள். விரல் எட்டாத முடிச்சை அழுத்துவதற்கு. மூட்டோ பிசிறோ இல்லாத ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும், 12 மணிப் பக்கம் சிறுநீர்க்குழாய் இருப்பதால் அங்கே படவே கூடாது, 5 முதல் 10 நிமிஷத்துக்குமேல் வேண்டாம். வாரம் ஒருமுறை கண்டிக்கு வர முடியாதவருக்கு இது உதவும், மற்றவருக்கு வேண்டியதில்லை. உறவில் வலிப்பவருக்கு அளவு அளவாக வரும் விரிப்பான்கள் பயன்படும்; வலி 3ஐத் தாண்டாத அளவில் தொடங்கி, உள்ளே வைத்து 10 நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்வதுதான் முறை, தள்ளித் தள்ளிப் பெரிதாக்குவதல்ல. தண்ணீரில் செய்த ஜெல் வாங்குங்கள். தேங்காயெண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் லேடெக்ஸ் கையுறையையும் கொண்டத்தையும் அது கெடுத்துவிடும். தோலில் ஒட்டி மெல்லிய மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் மெஷின் சிறுநீர் அவசரத்துக்கு நல்லது: ஒரு ஒட்டுத்தாள் உட்கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே, மற்றது குதிப்பக்கம், 10 ஹெர்ட்ஸ், 30 நிமிஷம். பெருவிரல் லேசாகத் துடித்தால் இடம் சரி. கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் தொடக் கூடாது. சுடுதண்ணீர்ப் பை மலிவு, துணி சுற்றி 20 நிமிஷம், பனிக்காலத்தில் நீட்டலுக்கு முன் வைத்தால் தசை இலகுவாகக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. கையால் தொடாமல் 20 நிமிஷம் மெஷின் சூட்டை மட்டும் வைத்து அனுப்பும் நிலையங்கள் பல ஊரிலும் உண்டு. அதில் குறுஅலை டயத்தர்மி என்ற மெஷின், கருத்தடைக்காக உள்ளே செப்பு லூப் வைத்திருக்கும் பெண்ணின் இடுப்புக்கு ஆகாது; கர்ப்பத்திலும் ஆகாது. லூப் இருக்கிறதா என்று கேட்காமல் யாராவது அந்தத் தட்டை அடிவயிற்றுக்குக் கொண்டுவந்தால் நீங்களே சொல்லித் தடுங்கள்.

வேலையைப் பற்றி இந்த நிலையம் கேட்கிறது, ஆனால் மலையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கேட்கிறது. "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போங்கள்" என்பது எளிது. மலையில் கழிவறை எங்கே? அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்துப் பின்னேரம் வீடு வந்து சேர்கிறார்கள். செறிந்த சிறுநீர் பையை எரிக்கிறது, அடக்கிய தசை இறுகியே பழகுகிறது. மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு எழுதச் சொன்னால் இதை மறைக்காமல் எழுதுங்கள். வேலைக்குப் போகும் நாள் இரண்டும் வீட்டிலிருக்கும் நாள் ஒன்றுமாக இருந்தால் வித்தியாசம் தெரபிஸ்டின் கண்ணில் படும். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் கொழுந்து நிறுவைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அரைக் கோப்பை குடிப்பது நடைமுறையில் சரிவருகிறது. வெறுந்தேத்தண்ணி சிலருக்குப் பையைச் சீண்டும். இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துப் பார்த்து, மாற்றமில்லையென்றால் பழையபடி குடிக்கலாம். கூடையைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்து எழும்புவதுதான் மிகப் பெரிய கேடு. வாயால் மூச்சை விட்டுக்கொண்டே எழும்ப வேண்டும். மலம் கழிக்கக் குத்தவைக்கும் கக்கூஸ் இருந்தால் நல்லது. கொமட் என்றால் காலடியில் ஒரு சாண் உயரப் பலகை. எதிலும் பத்து நிமிஷத்துக்குமேல் முக்கிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஆண்களுக்கும் இந்த வலி வரும், புரொஸ்டேட் என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் அன்டிபயோட்டிக் குடிக்கிறார்கள். தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுபவர், மருந்துத் தாங்கி சுமப்பவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர். இதே மூச்சு, இதே நீட்டல். உட்பரிசோதனை மலவாய் வழி. இந்த நிலையம் ஆண்களை எடுப்பதில்லை, அது ஒரு பெரிய குறைதான். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்றது வெளியே வளரும் நோய்) உள்ள பெண்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்: பிசியோதெரபி அந்த நோயைக் கரைக்காது, நோயைச் சுற்றி இறுகிய தசையை விடுவிக்கும். மாத்திரையையோ கிளினிக்கையோ இதற்காக நிறுத்த வேண்டாம்.

பணம். விலை மாறிக்கொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை. 20 அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் கழிவு தருவதாகச் சொல்கிறார்கள். கட்டாதீர்கள். தடவைக்குத் தடவை கொடுங்கள், 6ஆம் வாரத்தில் வலி எண்ணும், வலியின்றி உட்காரும் நேரமும், இரவில் எழும்பும் தடவையும் முதல் நாள் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றாவது மாறவில்லையென்றால் திட்டம் மாற வேண்டும். வசதியில்லாதவர்கள் அரச வைத்தியசாலைப் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டி பிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தரும்படி கேட்கலாம், அது இலவசம். இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அரசோ தனியாரோ, இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ளவரா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் உடம்பைக் கொடுக்க வேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துச் சுவநாரி கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் முடித்துவிட்டுப் போனால் நல்லது. தோட்டத்து மிட்வைஃப் அம்மாவுக்கு நாள் தெரியும்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ்ஸில் வருவதென்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். காலை 11 மணிக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டால் தருகிறார்கள். பஸ்ஸில் அந்த நீண்ட இருப்பே வலியைக் கிளப்பும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை இடுப்புத்தளத்தைத் தொங்க விடுவதால் பலருக்கு நோவு கூடுகிறது. துவாயை இரண்டாகச் சுருட்டி ஒவ்வொரு தொடையின் கீழும் நீளவாக்கில் வைத்து, வால் எலும்புக்குப் பின்னால் இடைவெளி விட்டு உட்காருங்கள். தளர்ந்த பாவாடையோ சட்டையோ போட்டுக்கொண்டு, பழைய ஒப்பரேஷன் துண்டு, கிளினிக் கொப்பி, மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு மூன்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். மாதவிடாய் வந்துவிட்டால் அன்று உட்சிகிச்சை மட்டும்தான் நடக்காது, மற்றதெல்லாம் செய்வார்கள். போன் பண்ணி நாளை ரத்துச் செய்யத் தேவையில்லை.